செவ்வாய்க்கிழமை சார்

பயப்படாதீங்க, அது கண்டக்டர் விசில் இல்ல. நான்தான். வாயாலதான் அடிச்சேன். டிரைவரப் பாத்தீங்களா, ஒண்ணுமே கேக்காம வண்டிய எடுத்துட்டாரு. கண்டக்டர் இன்னும் டீக்கடையில கிளாஸைக் கைல வச்சிக்கிட்டு நிக்காரு. இந்தா ஓடி வாறாரு பாருங்க! ஏறிட்டாரு, ஏறிட்டாரு. ரெண்டு விசில்னா போ, ஒரு விசில்னா நில்லு. அவ்வளவுதான் பஸ்ஸோட மொத்த மொழியும்.

தப்புதான். அம்பது வயசுக்கு மேல ஆச்சு, செய்யக்கூடாதுதான். ஆனா டைமிங் எப்படி?

நீங்க கடைசி ஸ்டாப்பா? நல்லது. நான் மணக்குழித்துறை. உங்களுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி. அந்தப் பலாப்பழத்தைக் கொஞ்சம் காலுக்கு நடுவுல வச்சிக்கிடுங்க, வளைவுல என் மேல உருண்டு வருது. ஆமா, மிமிக்ரிதான் நமக்குத் தொழில். செண்பகராமன்னு பேரு. கோயில் கொடை விழா, காலேஜ் ஆண்டு விழா, கல்யாண வீடுன்னு கூப்பிட்ட இடமெல்லாம் போவேன். இப்ப ஒரு மாசமா எங்கயும் போறதில்ல. யார் கூப்பிட்டாலும் தொண்டை சரியில்லைன்னு சொல்லிடுறேன்.

தொண்டை நல்லாத்தான் இருக்கு.

தாணுமாலயன் சாரத் தெரியுமா உங்களுக்கு? ரெண்டு மாசம் முன்னாடி தவறிப்போனாரே, பேப்பர்ல அரைப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தாங்களே. அவரேதான். அம்பாசிடர். முப்பத்தஞ்சு வருசம் நாடு நாடாத் தூதர் உத்தியோகம். ரிட்டயர் ஆகி வந்ததும் டெல்லியில ராஜ்யசபா எம்.பி. அது ஒரு ஆறு வருசம். அப்புறம் துறைமுகம் கட்டுற ஒரு பெரிய கம்பெனில டைரக்டர். நான் அவர்கிட்ட பதினாலு வருசம் உதவியாளரா இருந்தேன். ஃபைல் எடுத்துக் குடுக்க, ஃபோன் எடுக்க, மாத்திரை எடுத்துக் குடுக்க.

எப்படிச் சேர்ந்தேன்னு கேக்கறீங்களா? அவர் எம்.பி.யா இருக்கும்போது ஒரு காலேஜ் விழா. அவர்தான் தலைமை. நான் மேடையில ஏறி அவரை மாதிரியே பேசிட்டேன். பிரின்சிபால் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கூட்டம் சிரிக்கவா வேண்டாமான்னு சாரையே பாக்குது. சார் கொஞ்ச நேரம் கண்ண மூடி உக்காந்திருந்தாரு. பெறவு சொன்னாரு: "நான் இவ்வளவு நல்லாவா பேசுறேன்?" அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிட்டுட்டாரு.

அந்தக் குரல் இருக்கே... கிணத்துக்குள்ள வெண்கலக் குடம் இறங்குற மாதிரி. இருங்க, ஒண்ணு மட்டும் காட்டுறேன். "ம்ம்."

கேட்டீங்களா? இதுதாங்க அவரோட மூணு உத்தியோகமும். இந்த ஒரே ஒரு 'ம்ம்'. தூதரா இருந்தப்போ அந்த நாட்டு மந்திரி ஏதாவது கேட்பாரு, சார் "ம்ம்"ம்பாரு. மந்திரி சம்மதம்னு நெனச்சுக்கிட்டுப் போவாரு, நம்ம டெல்லிக்காரங்க மறுத்துட்டாருன்னு நெனச்சுக்கிடுவாங்க. ரெண்டு நாட்டுக்கும் சந்தோசம். பார்லிமெண்ட்லயும் அதே "ம்ம்"தான், மந்திரி அவரைப் பாத்துக் கும்பிடுவாரு. கம்பெனி மீட்டிங்ல சேர்மன் தீர்மானத்தைப் படிப்பாரு, சார் "ம்ம்"ம்பாரு, தீர்மானம் நிறைவேறிடும். ஒருநாள் துணிஞ்சு கேட்டேன், "சார், இதுக்கு ஆமான்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?" என்ன சொன்னாரு தெரியுமா?

அதேதான். "ம்ம்."

சிரிக்கிறீங்க. எல்லாரும் இந்த இடத்துல சிரிப்பாங்க. நானும் நெறைய நாள் சிரிச்சிருக்கேன்.

அவர் டைரக்டரா இருக்கும்போது ஒரு மனு வந்துச்சு. மணக்குழித்துறையில சிறுபுஷ்பம்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் ததேயு, அரபு நாட்டுல முதலாளி படகுல மீன் பிடிக்கப் போனவரு. எல்லை தாண்டிட்டான்னு பக்கத்து நாட்டுக்காரன் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டான். அந்த நாட்டுலதான் சார் அஞ்சு வருசம் தூதரா இருந்தாரு. அங்க அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஒரு ஃபோன் போட்டா போதும். அதனாலதான் அந்தம்மா இவருக்கு எழுதிச்சு. நான் மனுவைக் கொண்டுபோய் மேசையில வச்சேன். சார் படிச்சாரு.

"ம்ம்."

கம்பெனிக்கு அந்த நாட்டுலதான் துறைமுக வேலை அப்போ. டைரக்டர் யாரும் அங்க வேற எந்த விசயத்தையும் பேசப்படாதுன்னு எழுதாத உத்தரவு. அப்ப தப்பு அவர் மேலயும் இருக்குல்லா? இருக்கு. இதை நீங்க ஞாபகம் வச்சிக்கிடணும். பின்னாடி நான் செஞ்சதைக் கேட்டா நீங்க என்னை மட்டுமே ஏசுவீங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில பதினோரு மணிக்கு அந்தம்மா ஃபோன் பண்ணிச்சு. சார் உள்ள வேற ஃபோன்ல மீட்டிங்ல இருக்காரு. இல்லைன்னு சொல்லிடுன்னு கையக் காட்டினாரு. நான் "சார் இல்லம்மா"ன்னேன். அந்தம்மா அழுதுச்சு. சத்தம் போட்டு அழல, பாத்துக்கிடுங்க. மூச்சை இழுத்து இழுத்து, சத்தம் வெளிய வராம. எனக்கு அந்த அழுகையை எப்படிப் பண்றதுன்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. கேக்க முடியல. ரிசீவரைக் கையால மூடிட்டு, ஒரு செகண்ட் விட்டு, சார் குரல்ல பேசிட்டேன்.

"அழாதீங்கம்மா. தாணுமாலயன் பேசுறேன். நான் பாத்துக்கிறேன்."

சட்டுன்னு நின்னுச்சு அழுகை. குழாயத் திருகுன மாதிரி. முப்பது வருசம் மேடையில கைதட்டு வாங்கியிருக்கேன், அந்த மாதிரி ஒரு அமைதி எனக்குக் கிடைச்சதில்ல.

அடுத்த செவ்வாய் பதினோரு மணி, மறுபடி ஃபோன். "சாரே, ஒங்க கொரலக் கேட்டாத்தான் எனக்கு அந்த வாரம் ஓடுது." சும்மா ரெண்டு வார்த்தைதானேன்னு பேசினேன். அதுக்கு அடுத்த செவ்வாயும். இதுல என்னங்க தப்பு? அந்தம்மாவுக்கு ஆறுதல், எனக்கும் ஒரு பயிற்சி. கடவுள் மேல சத்தியமா, நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சது.

சாருக்குத் தெரியுமான்னு கேக்கறீங்க. இல்ல.

அங்க ரம்ஜான் நோன்புக்கு முன்னாடி வருசா வருசம் கைதிகள்ல கொஞ்சம் பேருக்கு மன்னிப்புக் குடுத்து விடுவாங்க. அதுக்கு ஒரு பட்டியல் போகும். இங்க மீனவர் சங்கத்துல பேப்பர் சேக்குறாங்கன்னு அந்தம்மா கேட்டுச்சு: "சாரே, சங்கத்துலயும் குடுக்கட்டா? இல்ல நீங்களே பாத்துக்கிடுவீளா?" அப்ப நான் என்ன சொல்லணும்? "குடுங்கம்மா"ன்னு சொல்லணும். ரெண்டு வார்த்தை. ஆனா எனக்கு ஒரு பயம். சங்கத்துக்காரங்க சார்கிட்ட நேர்ல வந்து, நீங்கதான் வாராவாரம் பேசுறீங்களாமேன்னு கேட்டுட்டா? அதனால அவர் குரல்ல சொன்னேன். "ரெண்டு பக்கமும் குடுத்தா குழப்பமாயிடும்மா. நான் பாத்துக்கிறேன். நோன்பு முடியறதுக்குள்ள வந்துடுவார்."

தேதியெல்லாம் குடுத்தேன். சும்மா வாயில வந்தது. சார் மாதிரி பெரிய மனுசங்க தேதியில்லாம பேசமாட்டாங்கல்ல.

அந்தம்மா அந்தத் தேதியை வச்சு மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிடுச்சு.

ஆன்சின்னு பேரு பொண்ணுக்கு. கிறிஸ்தவங்கள்ல அப்பன்தான் பொண்ணு கையப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகணும். ஊரெல்லாம் சொல்லியாச்சு, அம்பாசிடரே ஃபோன்ல சொல்லிட்டாரு, ததேயு வந்துருவான்னு. பட்டியல் வந்துச்சு. எங்க இருந்து இருக்கும் பேரு? யாரும் மனுவே அனுப்பலையே.

நான் அப்பயாவது சார்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லத்தான் போனேன். மாத்திரையும் தண்ணியும் எடுத்துக்கிட்டு உள்ள போனேன். "என்ன செண்பகம்?"னாரு. "ஒண்ணுமில்ல சார், மாத்திரை"ன்னேன்.

கல்யாணத்தன்னைக்குக் காலையில ஃபோன் வந்துச்சு. கோயில் வாசல்ல இருந்து. "சாரே, எனக்க மவள ஒரு வார்த்தை வாழ்த்துங்க." ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க, பின்னாடி பேண்டு சத்தம் கேக்குது. அந்தப் பிள்ளை கேட்டுச்சு, "அப்பா வருவாவளா சார்?"

இப்ப நான் பேசின பேச்சைக் கேளுங்க. சாரோட பழைய காலேஜ் விழாப் பேச்சுல ஒரு வரி உண்டு, அதை எடுத்து விட்டேன். மூணு எண்ணி இடைவெளி விட்டேன். அப்புறம்: "அம்மா... சில கதவுகள் கடைசி நிமிசத்துலதான் திறக்கும். பொறுமையா இரு." அந்தப் பக்கம் ஒரு கூட்டமே "ஆஹா"ங்குது! இடைவெளி மட்டும் ஒரு செகண்ட் கூடியிருந்தா கெட்டிருக்கும். அந்த அளவுக்கு...

மன்னிச்சிக்கிடுங்க. பழக்கதோசம்.

அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பி வாசல்ல நின்னுடுச்சு. கடைசி நிமிசத்துல அப்பா டாக்ஸில வந்து இறங்குவாருன்னு. சாமியார் ரெண்டு தடவை வந்து கூப்பிட்டாராம். முக்கால் மணி நேரம். வெள்ளைச் சேலையும் முக்காடுமா ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னிருக்கு. கடைசில தாய்மாமன் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு. இதெல்லாம் எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தம்மா சொல்லித்தான் தெரியும். கடைசில என்ன சொல்லிச்சு தெரியுமா? "நீங்க வருத்தப்படாதீங்க சாரே."

இன்னும் எத்தனை ஸ்டாப் இருக்கு? பாலம் தாண்டியாச்சா? இல்ல, கேட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு. செவ்வாய்க்கிழமைதான். எனக்கு வயித்துக் கோளாறு, நான் பாத்ரூம்ல இருக்கேன். மணி அடிக்குது. சார் எடுத்துட்டாரு! சாருக்கு அதுக்கு முந்தின வருசம்தான் தொண்டையில ஆபரேசன் ஆயிருந்துச்சு. வெண்கலக் குடமெல்லாம் போச்சு, இப்ப ஓட்டை டப்பா மாதிரி கீச்சுன்னு ஒரு குரல். நான் வெளிய வந்து பாக்கேன், சார் ஃபோன்ல, "நான் தாணுமாலயன்தாம்மா பேசுறேன்"ங்கிறாரு. அந்தப் பக்கம் அந்தம்மா கத்துறது எனக்கே கேக்குது.

"ஏய், யாருடே நீ? சார மாதிரிப் பேசிக் காட்டுதியா? வெக்கமா இல்ல? சார் கொரல் எனக்குத் தெரியாதா? ஒன்றரை வருசமா கேக்குதேன். மரியாதையா சார்கிட்ட குடு!"

சார் நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. நாப்பது வருசமா முகத்துல எதையும் காட்டாத மனுசன். அன்னைக்கும் காட்டல. ரிசீவரை என்கிட்ட நீட்டினாரு. "செண்பகம், உன்னைத்தான் கேக்குறாங்க. உண்மையைச் சொல்லிடு."

நான் வாங்கினேன். அவர் முன்னாடியே, அவர் குரல்லயே சொன்னேன்: "சொல்லுங்கம்மா."

வேற எதுவும் எனக்கு வாயில வரல. அந்தம்மா, "அப்பாடா, இதுதான் சார்"னுச்சு.

சார் என்னைத் திட்டல. திட்டியிருந்தா அன்னைக்கோட எனக்குத் தீந்திருக்கும். அலமாரியைத் திறந்து அந்த மனுவைத் தேடி எடுத்தாரு. ரெண்டாவது தடவையா படிச்சாரு. அன்னைக்கு "ம்ம்" இல்ல. "இதை நான் அன்னைக்கே செஞ்சிருக்கணும்"னாரு. டைரக்டர் பதவிக்கு ராஜினாமா எழுதினாரு. பத்து நாள்ல, எழுபத்தெட்டு வயசுல, அந்தத் தொண்டையோட, தனியாப் பிளேன் ஏறிப் போனாரு. பழைய ஆளுங்க வீட்டு வாசல்ல எல்லாம் உக்காந்திருக்காரு. ஜெயிலுக்கே போய் ததேயுகிட்ட அரை மணி நேரம் பேசியிருக்காரு. ஆறு மாசத்துல ததேயு ஊர் வந்து சேந்தாரு.

நல்லபடியா முடிஞ்சுதுல்லா? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

சார் தவறிப்போனதும் படத்திறப்பு வச்சாங்க. சார் மகன் வெளிநாட்டுல இருந்து வந்திருந்தாரு. "அப்பா குரல்ல ரெண்டு நிமிசம் பேசுங்க, அம்மா கேக்கணும்னு ஆசைப்படுறாங்க"ன்னாரு. மாட்டேன்னு சொன்னேங்க. நிசமாத்தான். ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை மைக்கைக் கையில குடுத்துட்டாங்க. மைக்கு கைக்கு வந்தா நான் என்ன செய்ய?

முன் வரிசையில சிறுபுஷ்பம். குரல் கேட்டதுமே பிடிபட்டுச்சு. பக்கத்துல கறுத்து மெலிஞ்சு ஒரு ஆளு. ததேயுன்னு பாத்ததும் தெரிஞ்சுது.

பேசினேன். நல்லாப் பேசினேன். சார் வீட்டம்மா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு அழுறாங்க. சிறுபுஷ்பம் அழுது. ததேயு மட்டும் அழாம பொண்டாட்டி பக்கம் குனிஞ்சாரு. அமைதியா இருந்த கூட்டம், அவர் பேசினது எனக்கே கேட்டுச்சு.

"இது சார் கொரல் இல்லையேட்டி. எங்கிட்ட பேசினது வேற கொரலு. கீச்சுன்னு இருக்கும்."

"நீரு சும்மா கெடயும். வாராவாரம் பேசின எனக்குத் தெரியாதா? அச்சு அசல் இதுதான்."

"ஜெயில்ல முன்னால உக்காந்து பேசினாரு, எனக்கா தெரியாது?"

அந்தம்மா எந்திரிச்சு நின்னுச்சு. புருசனைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. அப்புறம் பையில இருந்து மெதுவா ஃபோனை எடுத்து ஒரு நம்பரை அமுக்கிச்சு. சார் ஆபீஸ் நம்பர். சார் பதவிய விட்டதுல இருந்து அது என் செல்லுக்குத்தான் வரும்.

என் சட்டைப் பைல அடிச்சுது. மைக்கு பக்கத்துல. மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு. நான் வாழ்க்கையில பாத்ததுலயே பெரிய டைமிங் அதுதாங்க. என்னோடது இல்ல, அந்தம்மாவோடது.

கீழ இறங்கி வந்தேன். அடிக்கும்னு நெனச்சேன். அடிக்கல. ததேயுதான் பேசினாரு. ஊர்ல என்ன பேச்சுன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். "அம்பாசிடரே தேதி சொல்லிட்டாரு, அந்தத் தேதிக்கு விட்டாச்சு, ததேயுதான் அங்கயே வேற குடும்பம் வச்சுக்கிட்டு, மகள் கல்யாணத்துக்குக்கூட வரல." ஊரு நம்பிடுச்சு. ஆன்சியும் நம்பிடுச்சு. அவர் வந்து ஒண்ணரை வருசமாச்சு, அந்தப் பிள்ளை அப்பன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இப்ப அதுக்கு ஒரு ஆண் குழந்தை. அவர் தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருவாராம்.

"நாங்க சொன்னா, அப்பனும் அம்மையும் சேந்து கதை கட்டுதாவன்னு நெனப்பா"ன்னுச்சு சிறுபுஷ்பம். "நீ வந்து சொல்லணும். வாழ்த்துன அதே வாயால. அவதான் அன்னைக்கு வாசல்ல நின்னா." அவ்வளவுதான். வீட்டு அடையாளமும் சொல்லிச்சு. மணக்குழித்துறை ஸ்டாப்புல இறங்கினா நேரா நீல கேட்டு. மாப்பிள்ளை கடலுக்குப் போயிருப்பான், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பிள்ளை தனியாத்தான் இருக்கும்.

அங்கதான் போறேன்.

என்ன சொல்லப் போறேன்னு கேக்கறீங்களா? எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். முதல்ல சார் மனுவைக் கிடப்புல போட்டதைச் சொல்லணும். கம்பெனி விசயம் சொல்லணும். அந்தம்மா அழுததைச் சொல்லணும், அப்பத்தான நான் ஏன் பேசினேன்னு புரியும். வேண்டாமா? நேரா விசயத்துக்கே வரணுமா? நேரா வந்தா... "நான்தாம்மா அது"ன்னா... நீங்க அந்தப் பிள்ளையா இருந்தா கதவைச் சாத்தமாட்டீங்களா?

அந்தா, கோயில் கோபுரச் சிலுவை தெரியுது பாத்தீங்களா. அந்த வாசல்தான். எவ்வளவு நீளத்துக்கு ரோடு தெரியுது பாருங்க அங்க இருந்து. முக்கால் மணி நேரம்.

ஆமா, மணக்குழித்துறைதான். வண்டி நின்னுடுச்சு. தெரியுதுங்க. எந்திரிக்கிறேன், எந்திரிக்கிறேன். அந்த ஆச்சி கூடையை இறக்கட்டும். நீல கேட்டு தெரியுது. திறந்துதான் இருக்கு. யாரோ துணி காயப்போடுறாங்க. இடுப்புல பிள்ளையோட...

கிளம்பிடுச்சா வண்டி?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கண்டக்டர்தான் விசில் அடிச்சிருப்பாரு. அவரு பின்னாடி டிக்கெட் போட்டுக்கிட்டு நிக்கிறாருன்னா, அவருக்கு வாய் இல்லையா? இந்தா அவரே வாறாரு. அண்ணே, அடுத்த ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் போடுங்க. அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து வந்துருவேங்க. ஒன்றரை கிலோமீட்டர்தான. நடந்து வந்தா மனசுல எல்லாத்தையும் வரிசையா அடுக்கிக்கிடலாம். அதுதான் நல்லது.

என்னண்ணே சொல்றீங்க? போன செவ்வாயும் இதத்தான் சொன்னேனா?

அதுக்கு முந்தின செவ்வாயுமா?